பெரிய குடும்பம், சின்ன சம்பளம்: சுங்கை சிப்புட் சமையலறைக் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெரிய குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், நாலு பிள்ளைகள், சில வீடுகளில் வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர். எட்டுப் பேர், ஒன்பது பேர் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள். கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போதும், பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போதும் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அரிசி, எண்ணெய், சீனி, மாவு, கேஸ் ஆகியவற்றுக்கு அரசாங்கம் தீபகற்பத்தில் வைத்திருக்கும் உச்ச விலையைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த விலைகள் மாறக்கூடியவை. வாங்குவதற்கு முன் கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது பத்துப் பேருக்கு இதைவிடக் குறைந்த கூலியில் சோறு போட்டார். நம்மால் ஏன் முடியவில்லை?

உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். கணக்கே வேறு. லயத்து வீட்டுக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் வாழையும் முருங்கையும் இருந்தன. பல வீடுகளில் மாடு இருந்தது, கோழி மேய்ந்தது. விறகு காட்டிலிருந்து வந்தது. கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்குப் போனார்கள். வீட்டுக்கு வாடகை கிடையாது. எல்பில், ஹீவூட் மாதிரி தோட்டங்களிலிருந்து டவுன் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்த குடும்பங்களுக்கு முன்னால் சிமெண்டுத் தரை, பின்னால் சாக்கடை. சும்மா கிடைத்த கீரைக்கும் பாலுக்கும் விறகுக்கும் காசு கொடுக்க ஆரம்பித்தோம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது. அந்த 1,700-இல் வீட்டுத் தவணை, மோட்டார் தவணை, பள்ளி பஸ், தண்ணீர், கரண்டு, போன் எல்லாம் போக மீதிதான் சமையலறைக்கு வருகிறது.

பாட்டியிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: தட்டில் எது முதலில் விழ வேண்டும் என்ற வரிசை. சோறு, பருப்பு, கீரை. அதன் மேல் கொஞ்சம் கருவாடோ நெத்திலியோ. ஞாயிற்றுக்கிழமை கோழி. இன்று பல வீடுகளில் தினமும் கோழி, பக்கத்தில் கலர் தண்ணீர் போத்தல், கீரை இருந்தால் உண்டு. சிக்கனத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வீட்டில் ஒருவரும் சத்துக் குறைவாகச் சாப்பிடக் கூடாது. பாக்கெட் தீனி, இனிப்புத் தண்ணீர், குப்பைக்குப் போகும் சோறு இவற்றில் குறையுங்கள். பருப்பு, முட்டை, கீரை, சின்ன மீன் இவற்றில் கை வைக்காதீர்கள். கீழே சொல்வது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எட்டுப் பேருக்கு மாதத்துக்கு அடிப்படைச் சாமான் எவ்வளவு வாங்குவது?

பெரியவர், சிறியவர் கலந்து எட்டுப் பேர், இரண்டு வேளை சோறு என்றால் நாளுக்கு ஒரு கிலோ 300 கிராம் அரிசி சரியாக இருக்கும். மாதத்துக்குப் பத்துக் கிலோ மூட்டை நான்கு. உள்ளூர் வெள்ளரிசி மூட்டை 26 வெள்ளி, நாலு மூட்டை 104. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் இரண்டரை வெள்ளி, ஐந்து பாக்கெட் 12.50. சாதாரணச் சீனி கிலோ 2.85, இரண்டு கிலோ 5.70. உதவித் தொகை விலையில் வரும் கோதுமை மாவு கிலோ 1.35, நாலு கிலோ 5.40. பதினாலு கிலோ கேஸ் தோம்பு ஒன்று 26.60, வீட்டில் கொண்டுவந்து இறக்கும் கூலி தனி. கூட்டிப் பாருங்கள், 154 வெள்ளி 20 காசு.

இந்தத் தொகையை நிதானமாகப் பாருங்கள். எட்டுப் பேரின் சோறு, எண்ணெய், அடுப்பு எல்லாம் சேர்ந்தே இவ்வளவுதான். அப்படியானால் மாதம் ஆயிரம் வெள்ளி எங்கே போகிறது? மீதி ரசீதுகளை ஒரு மாதம் மட்டும் ஒரு டின்னில் போட்டு வையுங்கள். பிஸ்கட், மேகி மீ, மூன்று விதமான சாஸ், பிள்ளைகளின் குடிபானம், இரவுச் சந்தையில் வாங்கிய பொரித்த அயிட்டங்கள் என்று வரிசையாக வரும். யாரையும் திட்ட வேண்டாம். ரசீதைக் குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

உள்ளூர் அரிசி குழைகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். இறக்குமதி அரிசிதான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். உள்ளூர் அரிசி நம் பேராக்கின் கிரியான் பக்கத்திலும் கெடாவின் மூடா பக்கத்திலும் விளைவது. பையில் எஸ்எஸ்டி 15 என்று போட்டிருந்தால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை நொய் இருக்கும். நொய் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கும், அதனால்தான் குழைகிறது. வழக்கமாக வைக்கும் தண்ணீரில் கால் குவளை குறையுங்கள், கொதி வந்ததும் கிண்டாதீர்கள். வடித்துச் சமைப்பவர்கள் ஒரு கொதி முன்னாலேயே வடிக்கலாம். அப்படியும் பிடிக்காவிட்டால் மூன்று பங்கு உள்ளூர் அரிசிக்கு ஒரு பங்கு இறக்குமதி அரிசி கலந்து பாருங்கள். மூட்டைக்குப் பத்து வெள்ளி வித்தியாசம் என்றாலும் நாலு மூட்டைக்கு 40 வெள்ளி, அது ஒரு மாதப் பருப்புக் காசு.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியது. எல்லாரும் உள்ளூர் அரிசிக்கு ஓட, கடைகளில் அது காணாமல் போனது. தடை 2024-இல் நீங்கியது. அந்த மாதிரி நேரம் மறுபடி வந்தால் பத்து மூட்டை வாங்கி அடுக்க வேண்டாம். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வண்டு வந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கிடைக்காமல் போகும். அடுத்த மாதத்துக்கு ஒரு மூட்டை முன்கூட்டி இருந்தால் போதும்.

அக்கா, ஒரு கோழி எட்டுப் பேருக்கு ஒரு வேளைக்கே பத்தவில்லை. மூன்று வேளைக்கு வரும் என்கிறீர்களே, எப்படி?

தங்கச்சி, கோழியைத் துண்டாக வாங்காமல் முழுசாக வாங்கினால் வரும். இரண்டு கிலோ கோழி ஒன்றைப் பசாரில் வாங்கும்போதே வெட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள்: நெஞ்சுக்கறி தனி, கால், தொடை, இறக்கை தனி, முதுகெலும்பு, கழுத்து, பாதம் தனி. ஈரலையும் இரைப்பையையும் விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள், தொடையும் கால்களும் இறக்கையும் கறிக்கு. சின்னத் துண்டாக வெட்டச் சொல்லுங்கள், நாலு உருளைக்கிழங்கைப் பெரிதாக வெட்டிப் போடுங்கள். வெங்காயத்தை நிறையப் போட்டுப் பொன்னிறத்துக்கு வதக்கினால் குழம்பு கெட்டியாக வரும், தேங்காய்ப்பால் தேவைப்படாது. ஆளுக்கு இரண்டு துண்டு, ஒரு கிழங்கு, நிறையக் குழம்பு. பக்கத்தில் கண்டிப்பாக ஒரு கீரை.

இரண்டாம் நாள், நெஞ்சுக்கறியை விரல் நுனி அளவுக்கு நறுக்கி மஞ்சளும் உப்பும் தடவி வதக்கி, மீ ஹூனிலோ முந்தின நாள் சோற்றிலோ சேர்த்துப் பிரட்டுங்கள். முட்டை இரண்டு உடைத்து ஊற்றுங்கள். கறி சின்னதாக இருந்தாலும் ஒவ்வொரு வாயிலும் தட்டுப்படும், பிள்ளைகள் 'எனக்குக் குறைச்சல்' என்று சண்டை போட மாட்டார்கள்.

மூன்றாம் வேளைக்கு எலும்பு, கழுத்து, பாதம். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, மிதமான தீயில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் கோழி ரசம். அதில் ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பு கரைந்தால் தாத்தா பாட்டிக்கு மென்று கஷ்டப்படாத சாப்பாடு. ஈரலை மிளகு போட்டுப் பிரட்டி, வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் முதலில் வையுங்கள். இரும்புச் சத்து அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

கோழி இல்லாத நாட்களில் என்ன செய்வது? பிள்ளைகள் பருப்பைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார்கள்.

பருப்பைச் சாம்பாராக மட்டும் கொடுத்தால் சுளிக்கத்தான் செய்வார்கள். ஒரு நாள் மைசூர்ப் பருப்பில் கத்திரிக்காயும் உருளையும் போட்டு டால்ச்சா. இன்னொரு நாள் பச்சைப்பயறு கஞ்சி. கடலைப்பருப்பை ஊறவைத்து அரைத்தால் மசால் வடை, அதைக் குழம்பில் போட்டால் வடைக் குழம்பு. மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் வெந்துவிடும், கேஸும் மிச்சம். கடலை, மொச்சை, ராஜ்மா போன்றவற்றை ராத்திரியே ஊறப்போடுங்கள்.

முட்டையை எண்ணிக்கையில் பார்க்காமல் எடையில் பாருங்கள். ஏ கிரேடு முட்டை 65 கிராமிலிருந்து 70 கிராமுக்குள், சி கிரேடு 55-இலிருந்து 60-க்குள். 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து முட்டைக்கு உதவித் தொகை நின்றுவிட்டதால் விலை கடைக்குக் கடை மாறுகிறது. ஆளுக்கு ஒன்று வைத்து முட்டைக் குழம்பு செய்வதாக இருந்தால் சி கிரேடு தாராளமாகப் போதும்.

சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் தெம்பேயை நம்மவர்கள் பலர் தொடுவதே இல்லை. மெலிதாக நறுக்கிப் பொரித்து, நெத்திலி, கச்சானோடு சம்பாலில் பிரட்டிப் பாருங்கள். ஒரு கட்டு தெம்பே பாதிக் கறியை மிச்சப்படுத்தும். மீனில் கெம்போங், செலாயாங் மாதிரி சின்ன மீன்களே போதும். விலை உயர்ந்த பெரிய மீனால்தான் சத்து வரும் என்பது இல்லை. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்குங்கள். 425 கிராம் சார்டின் டின் ஒன்றில் மூன்று உருளைக்கிழங்கு, இரண்டு பெரிய வெங்காயம், நாலு அவித்த முட்டை சேர்த்தால் எட்டுப் பேருக்கு ஒரு வேளைக் குழம்பு. வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் சைவம் என்று இருக்கும் வீடுகளுக்கு இது எல்லாம் புதிதில்லை. அந்தச் சமையலை மற்ற நாட்களுக்கும் கொண்டுவந்தால் போதும்.

கறித்தூள் பாக்கெட் வாங்குவதா, மில்லில் அரைப்பதா?

பெரிய குடும்பம் என்றால் மில்தான். ஒரு கிலோ மல்லி, 600 கிராம் காய்ந்த மிளகாய், சோம்பும் சீரகமும் 150 கிராம் வீதம், 100 கிராம் விரலி மஞ்சள், 50 கிராம் மிளகு. மிளகாயைக் கையில் பிடித்தால் நொறுங்கும் அளவுக்கு வெயிலில் காய வையுங்கள். ஈரத்தோடு கொண்டுபோனால் தூள் கட்டி பிடிக்கும், பூஞ்சை வரும். அரைத்த தூள் சூடாக இருக்கும். ஆறவிட்டு மூடுங்கள். இந்த ஒரே தூளில் மீன் குழம்புக்குப் புளியும் வெந்தயமும், கோழிக்குப் பட்டை கிராம்பும் சேர்த்துக்கொள்ளலாம். மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, குருமாவுக்கு ஒன்று என்று தனித்தனிப் பாக்கெட் அடுக்கத் தேவையில்லை.

தேங்காய்ப்பால் இல்லாமல் குழம்பு ருசிக்குமா?

ருசிக்கும். வெங்காயம், தக்காளி நன்றாக வதங்கினால் போதும். சாம்பார், புளிக்குழம்பு, ரசம், டால்ச்சா எதற்கும் அவசியமில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பால் ஊற்றிய குழம்பு நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குக் காசு கொடுப்பதா, சாப்பாடு கட்டிக் கொடுப்பதா?

நாலு பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று வெள்ளி, மாதம் இருபது பள்ளி நாள் என்றால் 240 வெள்ளி. அரைப் பாக்கெட் மீ ஹூன், இரண்டு முட்டை, ஒரு கட்டு சாவிக் கீரை, கொஞ்சம் எண்ணெய், கிச்சாப் என்று நாலு பேருக்கும் பசியாறல் கட்டினால் நாளுக்கு ஐந்து வெள்ளிக்குள் அடங்கும். மாதம் 100 வெள்ளி. மிச்சம் 140. எல்லா நாளும் கட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கையில் காசு கொடுங்கள், அன்று கேண்டீனில் பிடித்ததை வாங்கிச் சாப்பிடட்டும்.

தொடக்கப்பள்ளியில் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு ஆர்எம்டி என்னும் இலவச உணவுத் திட்டம் இருக்கிறது. 'நம் பிள்ளையைப் பாவப்பட்டவன் என்று நினைப்பார்கள்' என்று பாரம் நிரப்பாமல் விடும் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அது பிள்ளையின் உரிமை. வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைக்கு 150 வெள்ளி வீதம் கொடுக்கப்படும் பள்ளி உதவித் தொகையைச் சப்பாத்துக்கும் சட்டைக்கும் என்று அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள், அரிசிக்காசோடு கலக்க வேண்டாம்.

குழந்தைக்கு டின் பால் கலந்து கொடுக்கலாமா? மாவுப் பால் விலை தாங்கவில்லை.

கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடையில் மலிவாகக் கிடைக்கும் இனிப்பு டின்னில் பெரும்பாலும் 'கிரீமர்' என்று எழுதியிருக்கும். உள்ளே சீனியும் பாமாயிலும்தான் அதிகம். பால் மாதிரி வெள்ளையாக இருப்பதால் ஏமாறுகிறோம். 1939-இலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் மேடையேறி, தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பால் கொடுப்பதால் குழந்தைகள் சாகிறார்கள் என்று கடுமையாகப் பேசினார். இத்தனை ஆண்டு கழித்தும் நம் வீடுகளில் புட்டிக்குள் அது போகிறது.

தாய்ப்பால் கொடுக்க முடிகிறவரை கொடுங்கள், அதற்கு ஈடாகத் தாய்க்கு முட்டையும் பருப்பும் கூட்டுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் பருப்பு மசித்த சோறு, முட்டை, மீனை முள் எடுத்துப் பிசைந்து கொடுக்கலாம். எடை ஏறாத பிள்ளைகளுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் வருமானம் பார்த்து உணவுக் கூடை தரும் திட்டம் உண்டு. அங்குள்ள நர்ஸ் மிஸ்ஸியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பெரியவர்களின் தேத்தண்ணிக்கும் இதே கதைதான். 2023-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சீனி பாதி. சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

எங்கள் தாமான் வீட்டில் மண்ணே இல்லை. என்ன வளர்ப்பது?

பழைய பெயிண்ட் வாளியில் அடியில் ஓட்டை போட்டு ஆரம்பியுங்கள். கடையில் வாங்கிய காங்கோங் கீரைத் தண்டை நறுக்கும்போது வேர் பக்கம் ஒரு சாண் விட்டு ஈர மண்ணில் குத்தினால் துளிர்க்கும். கருவேப்பிலை, பாண்டான், செராய் (எலுமிச்சைப்புல்), பச்சை மிளகாய் எல்லாம் வாளியிலேயே வரும். முருங்கைக்கு மட்டும் கொஞ்சம் தரை வேண்டும். வேலியோரம் ஒரு கொம்பை நட்டால், அடிக்கடி கவாத்துப் பண்ணிக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சப்பான்காரன் காலத்தில், 1941 கடைசியிலிருந்து 1945 வரை, அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள் நம் முன்னோர். அதனாலேயே சில பெரியவர்களுக்கு அந்தக் கிழங்கு என்றால் இன்றும் பிடிக்காது, அவர்களை வற்புறுத்த வேண்டாம். நமக்கு அது அருமையான காலைப் பசியாறல். தோலை முழுக்க உரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் நஞ்சு. இலையையும் அப்படியே கொதிக்க வைத்து வடித்துத்தான் சமைக்க வேண்டும்.

மிஞ்சின சோற்றை என்ன செய்வது?

சமைத்த சோற்றை அடுப்படியில் நாள் முழுக்கத் திறந்து வைக்காதீர்கள். சோற்றில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்டு முடித்ததும், இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆற்றி, மூடி, பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் அதை நெத்திலி, முட்டை, முட்டைகோஸ் போட்டுப் பிரட்டினால் உதிரி உதிரியாக வரும். கொஞ்சமாக மிஞ்சினால் தோசை மாவோடு சேர்த்து அரைக்கலாம். தினமும் மிஞ்சுகிறது என்றால் அளவு தவறு, அரைக் குவளை குறைத்துப் பாருங்கள்.

என் கணவர் வெளியில்தான் சாப்பிடுகிறார். மாமியார் தினம் மூன்று கறி இல்லாமல் சாப்பிட மாட்டார். எப்படி மிச்சம் பிடிப்பது?

வெளியில் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டால் வீடு தாங்காது. காலையில் பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு டப்பாவில் சோறும் கட்டிக் கொடுத்துவிடுங்கள். கட்ட முடியாத நாளுக்கு, மறைந்த அமைச்சர் சலாவுதீன் அயூப் 2023 ஜனவரியில் தொடங்கி வைத்த ஐந்து வெள்ளிச் சாப்பாடான மெனு ரஹ்மா உங்கள் பக்கத்துக் கடைகளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமியார் விஷயத்தில் வழி உண்டு. மூன்று கறி கேட்கிறாரா, மூன்றும் வையுங்கள்: பருப்பு ஒன்று, கீரைப் பொரியல் ஒன்று, கருவாட்டுச் சம்பால் ஒன்று. தட்டு நிறைந்திருக்கும், செலவு ஏறாது. வாரம் ஒரு நாள் அவரையே தோட்டத்துச் சமையல் ஒன்று சொல்லித்தரச் சொல்லுங்கள். அவர் கையால் வைத்த மரவள்ளிக் குழம்பைக் குறை சொல்ல மாட்டார்.

எல்லாருக்கும் போட்டுவிட்டு நான் கடைசியில் சாப்பிடுகிறேன். மிச்சம் இருப்பதே எனக்குப் போதும். இதில் என்ன தவறு?

தவறு இருக்கிறது, தங்கச்சி. கடைசியில் சட்டியில் இருப்பது குழம்பும் சோறும்தான். மீன் துண்டு போயிருக்கும், முட்டை போயிருக்கும், கீரை ஒரு கரண்டி இருக்கும். இப்படியே பல வருஷம் போனால் தலைசுற்றல், ரத்தச் சோகை, முட்டி வலி என்று கிளினிக்கில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். நீங்கள் படுத்தால் எட்டுப் பேருக்கும் சோறு நிற்கும், அந்த வாரம் முழுக்கக் கடைச் சாப்பாட்டுக்குப் போகும் காசைக் கணக்குப் பாருங்கள்.

சமைத்து முடித்ததும் பரிமாறுவதற்கு முன்னாலேயே உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். மீன் ஒன்று, கீரை ஒரு கை. அதை யாரும் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பார்த்து வளரும் மகன், நாளைக்குத் தன் மனைவிக்கும் எடுத்து வைப்பான். ஒரு மீனை எட்டாக வெட்டுவதை விட்டு ஒன்பதாக வெட்டுங்கள். முடிந்தால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவரவர் போட்டுக்கொள்ளட்டும்.

கடைக்காரர் 555 என்னும் சின்னக் கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு சாமான் தருகிறார். வாங்கலாமா?

தெரிந்த கடைக்காரர் மனசு வைத்துத் தருவது பெரிய உதவி. ஆனால் உங்கள் கையிலும் ஒரு புத்தகம் இருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டிலும் எழுதுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், குழந்தைச் சாமான் மட்டும் கடனில். பிஸ்கட், குடிபானம் கைக்காசில். சம்பளத்தன்று முதல் வேலையாக அடைத்துவிடுங்கள்.

கூத்து, அதாவது சீட்டுக் கட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். கூத்து நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவர் பணத்தோடு மறைந்தால் திரும்ப வாங்குவது கடினம். சிறுகச் சேர்க்க வேண்டும் என்றால் பதிவு பெற்ற கூட்டுறவு வழி இருக்கிறது. நம்மூரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில்தான் தோட்டங்களையே வாங்கியது. ஆலோங் என்னும் வட்டிக்காரர்கள் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

அரசாங்கம் தரும் சாரா உதவிப் பணத்தை எப்படிச் செலவழிப்பது?

அது மைகார்டில் (அடையாள அட்டையில்) வருகிறது, பதிவு பெற்ற கடைகளில் அடிப்படைச் சாமானுக்கு மட்டும் செல்லும். 2025 ஆகஸ்டு 31-இலிருந்து 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் ஒரு தடவை 100 வெள்ளி கொடுத்தார்கள். தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என்று ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 500 வெள்ளி. இப்படி வரும்போது ஆளுக்கு ஒரு பக்கம் போய் பிஸ்கட்டும் மேகியும் வாங்கிவராமல், எல்லா அட்டையையும் சேர்த்து ஒரே பட்டியல் போடுங்கள். கெடாத சாமானாக எடுங்கள்: அரிசி, எண்ணெய், மாவு, சார்டின், சோப்பு. அந்த மாதம் மிச்சமாகும் கைக்காசில் மீனும் காயும் வாங்கலாம்.

தீபாவளிக்கு?

திருநாளை ஒட்டி ஆட்டிறைச்சி, தேங்காய், தக்காளி போன்றவற்றுக்கு அரசாங்கம் உச்ச விலை அறிவிக்கும், அந்த நாட்களில் வாங்குங்கள். பலகாரத்தை அக்கம்பக்கம் சேர்ந்து சுடுங்கள்: ஒரு வீடு முறுக்கு, ஒரு வீடு அதிரசம், ஒரு வீடு நெய் உருண்டை. மாற்றிக்கொண்டால் எல்லா வீட்டிலும் எல்லாம் இருக்கும்.

மாதக் கடைசி வாரம் கையில் ஒன்றுமே இல்லை. என்ன சமைப்பது?

அந்த வாரத்துக்கான சாமானை மாதத் தொடக்கத்திலேயே எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். மூடியுள்ள ஒரு வாளி போதும். இரண்டு கிலோ மைசூர்ப் பருப்பு, ஒரு கிலோ பச்சைப்பயறு, இரண்டு கிலோ கோதுமை மாவு, மூன்று சார்டின் டின், கால் கிலோ நெத்திலி, புளி, காய்ந்த மிளகாய். இதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துவிடுங்கள்.

கடைசி வாரம் வந்தால் திங்கள் பருப்பும் முருங்கைக்கீரையும், செவ்வாய் சார்டின் உருளைக்கிழங்கு, புதன் பச்சைப்பயறு கஞ்சியும் நெத்திலிச் சம்பாலும், வியாழன் ரசமும் முட்டையும், வெள்ளி சாம்பார், சனி சப்பாத்தியும் டால்ச்சாவும் என்று ஓட்டிவிடலாம். காய்க்குப் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் போங்கள், கொஞ்சம் வாடிய கீரையையும் நசுங்கிய தக்காளியையும் குறைத்துத் தருவார்கள். ஆண்டுக் கடைசியில் மழை அதிகமாகி மலைக்காய்கள் விலை ஏறும்போது முட்டைகோஸைத் தேடி அலையாமல் காங்கோங்குக்கும் மரவள்ளி இலைக்கும் மாறுங்கள். வாளியிலிருந்து எதை எடுத்தாலும் ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே போடுங்கள், சம்பளம் வந்து அரிசி மூட்டை வாங்கும் அன்றே அந்தச் சீட்டில் உள்ளதைத் திரும்ப வாங்கி நிரப்பிவிடலாம்.